நினைத்த கைபேசியையே வாங்கி வருவது எப்படி? திருகோணமலையில் போன் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரில் மத்திய வீதியிலும் வடகரை வீதியிலும் கையடக்கத் தொலைபேசிக் கடைகளுக்குக் குறைவில்லை. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் போன் வாங்க இங்கேதான் வருகிறார்கள். அவர்களிற் பலர் இன்ன மொடல்தான் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்து வந்தும், கடைக்குள் கால் மணி நேரம் நின்ற பின்னர், கேள்விப்பட்டிராத வேறொரு மொடலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். வாங்கியவருக்கு அது பிடித்திருந்தால் அதில் குற்றம் இல்லை. ஆனால் யாருடைய தேவைக்காக அந்த மனமாற்றம் நடந்தது என்பதை அறியாமலே பணம் கைமாறுகிறது. அதைத் தவிர்ப்பதற்கான வழிமுறை, வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பிருந்து முறைப்பாடு செய்யும் கட்டம் வரைக்கும், கீழே வரிசையாகத் தரப்படுகிறது.

முதற்படி: கடைக்காரரின் கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள்

எல்லோரும் தேடி வரும் மொடலின் விலையை எல்லோரும் நாலு கடையில் விசாரிப்பார்கள். அதனால் போட்டி கூடி, கடைக்குக் கிடைக்கும் இலாபம் மெலிந்துவிடுகிறது. பெயர் அவ்வளவாகத் தெரியாத மொடலை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பதால் அதில் இலாபம் தாராளமாக இருக்கும். இதற்கு மேலாக, குறிப்பிட்ட சில மொடல்களை விற்றால் ஒரு போனுக்கு இவ்வளவு என்று கொம்பனியோ விநியோகஸ்தரோ விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதும், மாதத்துக்கு இத்தனை விற்க வேண்டும் என்று இலக்கு வைப்பதும் இந்தத் தொழிலில் வழமையானவை. புதிய மொடல் வரப்போகிறது என்றால் அலுமாரியில் தேங்கிக் கிடக்கும் பழைய மொடலை விலை விழுவதற்குள் தள்ளிவிட வேண்டிய அவசரமும் கடைக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய கடைகளில் ஒரு பிராண்டின் பெயர் பொறித்த டீசேட் அணிந்து நிற்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பது அந்தக் கடை அல்ல, அந்த பிராண்ட். அவர்கள் பிற பிராண்டுகளைப் பற்றிச் சொல்லும் எதையும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அதற்காக அவர்களைப் பகைக்கவும் வேண்டாம். இலக்கை வைப்பவர்கள் எங்கோ கொழும்பில் இருக்க, மாத முடிவில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் முன்னால் நிற்கும் அந்த இளைஞர்தான்.

இரண்டாம் படி: வீட்டில் எழுதி முடிக்க வேண்டியவை

வாங்கப்போகும் மொடலின் முழுப்பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். முழுப்பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாம்சுங் கலக்ஸி ஏ15 என்ற ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என இரண்டு போன்கள் வெளிவந்தன. இரண்டிலும் இருக்கும் புரொசெசர், அதாவது போனை இயக்கும் சிப், வேறு வேறு. ரெட்மி நோட் 13 இலும் இதே கதைதான். அதற்கு மேல் புரோ, புரோ பிளஸ் என்று வால்களும் உண்டு. "நோட் 13 தானே கேட்டீங்க, இந்தா இருக்கு" என்று வேறொன்றை எடுத்து வைப்பது பொய்யும் ஆகாது, நீங்கள் கேட்டதும் ஆகாது. ஆகவே பெயர், 4ஜியா 5ஜியா, ரேம் (செயலிகள் இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) எவ்வளவு, சேமிப்பிடம் எவ்வளவு, எந்த வகை உத்தரவாதம் (கொம்பனியுடையதா, கடையுடையதா), நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை என்பவற்றை எழுதுங்கள். அந்த மொடல் கிடைக்காவிட்டால் எதை வாங்குவது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். இரண்டாவது தெரிவை மேசை முன்னால் நின்று யோசிக்கத் தொடங்கினால், அதை உங்களுக்காக விற்பனையாளர் யோசித்துத் தந்துவிடுவார்.

அதன்பின் இரண்டு மூன்று கடைகளுக்கு அழைத்துப் பேசுங்கள். "இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு, வாங்க" என்ற பதிலே வரும். ஆளைக் கடைக்குள் வரவைப்பதுதான் பாதி விற்பனை என்பது அவர்களுக்குத் தெரியும். "தம்பி, பெட்டியைக் கையில எடுத்து, பின்பக்கத்தில இருக்கிற ஐ.எம்.இ.ஐ இலக்கத்தின் கடைசி நாலு எண்ணைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். ஐ.எம்.இ.ஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள இலக்கம். போன் கடையில் இருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். "வந்து பாருங்கோவன் அண்ணே" என்று இழுத்தால் அந்தப் பெட்டி அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதே அழைப்பில் காசுக்கு விலை என்ன, அட்டைக்கு விலை என்ன என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்படும் நேரமும் முக்கியம். மூதூருக்கோ புல்மோட்டைக்கோ திரும்பும் பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு பின்னேரம் கடைக்குள் நுழைகிறவருக்குப் பேரம் பேசவும் மறுக்கவும் அடுத்த கடைக்கு நடக்கவும் பொழுது இருக்காது. காலையில் போங்கள்.

மூன்றாம் படி: கடைக்குள் முதல் வாக்கியம்

"ஒரு நல்ல போன் காட்டுங்கோ", "அறுபதாயிரத்துக்குள்ள என்ன இருக்கு" என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லாதீர்கள். முதலாவது, தெரிவு செய்யும் உரிமையை விற்பனையாளரிடம் ஒப்படைக்கிறது. இரண்டாவது, உங்கள் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. "இந்த மொடல், 8 ஜிபி, 256 ஜிபி, கொம்பனி உத்தரவாதத்தோட, பெட்டியைக் காட்டுங்கோ" என்று எழுதிய தாளைப் பார்த்தே சொல்லுங்கள். தாளைக் காண்கிற விற்பனையாளர் பெரும்பாலும் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.

நான்காம் படி: திருப்பும் பேச்சுகளைச் சோதிப்பது

கேட்ட மொடலிலிருந்து உங்களை வேறொன்றுக்குத் திருப்பும் பேச்சுகளைச் சோதிப்பதே இந்த வழிகாட்டியின் மையம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். விற்பனையாளர் சொல்லும் எதையும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம். சொல்வதைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான காரணம் இந்த இரண்டில் ஒன்றையாவது தாங்கும்.

"ஸ்டொக் முடிஞ்சுது அண்ணே, இப்ப அது வாறதுமில்ல" என்பது மிகப் பழைய உத்தி. முகநூலில் கவர்ச்சியான விலை போட்டு ஆளை வரவைத்து, வந்தவுடன் முடிந்துவிட்டது என்று சொல்லி அடுத்ததைக் காட்டுவது இதன் ஒரு வடிவம். உண்மையாகவே முடிந்திருக்கவும் கூடும். எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று கேளுங்கள். அடுத்த கிழமை என்று பதில் வந்தால் உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள், முற்பணம் கொடுக்காதீர்கள். கையில் பொருளை வைத்துக்கொண்டே இல்லையென்று சொல்வதையும், வேறொன்றையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்று நிபந்தனை போடுவதையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. டெம்பர்ட் கிளாஸும் கவரும் எடுத்தால்தான் இந்த விலை என்ற பேச்சு எழும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

"அது ஹீட் ஆகும், நிறையக் கொம்ப்ளெய்ன்" என்பது இரண்டாவது. என்ன முறைப்பாடு, யார் கொண்டுவந்தார்கள், கடை அதை மாற்றிக் கொடுத்ததா என்று பொறுமையாகக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே தேய்ந்துவிடும். தேயாவிட்டால் இரண்டு போன்களின் புரொசெசர் பெயரையும் பாருங்கள். கலக்ஸி ஏ15, ரியல்மீ 10, இன்பினிக்ஸ் நோட் 30 ஆகியவற்றின் 4ஜி வடிவங்களில் இருப்பது ஒரே ஹீலியோ ஜி99 தான். ஒரு பெட்டிக்குள் இருந்தால் சூடாகும், மற்றப் பெட்டிக்குள் இருந்தால் குளிர்ந்திருக்கும் என்று அந்த ஒரே சிப்பைப் பற்றிச் சொல்கிறவர், வெப்பத்தைக் கடத்தும் அமைப்பில் என்ன வேறுபாடு என்பதையும் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

"பார்ட்ஸ் எடுக்கேலாது" என்ற மூன்றாவதை மட்டும் உதறித் தள்ளாதீர்கள். திருகோணமலையில் இருக்கிற நமக்கு இது உண்மையிலேயே பெரிய விடயம். திரை உடைந்தால் உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கலாம், போனையே அங்கு அனுப்ப வேண்டியும் வரலாம். அத்தனை நாளும் போன் இல்லாமல் இருப்பது நீங்கள்தான். ஆனால் இந்தக் கேள்வியை விற்பவரிடம் கேட்கக்கூடாது. போன் விற்காமல் திருத்தம் மட்டும் செய்யும் சிறிய கடை ஒன்றுக்குப் போய், "இந்த மொடலுக்கு டிஸ்பிளே வருதா, என்ன விலை, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அவருக்கு நீங்கள் எதை வாங்கினாலும் ஒன்றுதான். அவரும் அதையே சொன்னால் மொடலை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

"இது அதைவிடக் கூட" என்று இலக்கங்களை அடுக்குவது நான்காவது. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 16 ஜிபி ரேம் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில் 8+8 என்று இருக்கும். இரண்டாவது 8 என்பது ரேம் அல்ல, சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு. அதன் வேகம் உண்மையான ரேமின் வேகத்துக்கு வராது. நாலு கமரா என்பார்கள். அதில் ஒன்றோ இரண்டோ 2 மெகாபிக்சல் அளவில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே ஒட்டப்பட்டிருக்கும். 108 மெகாபிக்சல் என்ற எண்ணும் இரவில் எடுக்கும் படத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, ஏனெனில் இரவுப் படத்தின் தரம் சென்சரின் (கமராவில் ஒளியைப் பதியும் பகுதியின்) பருமனையும் மென்பொருளையும் பொறுத்தது. இந்த எண்களை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். திரை எச்டி பிளஸா, அதைவிடத் தெளிவான ஃபுல் எச்டி பிளஸா? சேமிப்பிடம் இஎம்எம்சியா, யுஎஃப்எஸ்ஸா? பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம்? சேமிப்பிடத்தைப் பற்றிய கேள்விக்குப் பெட்டியில் பதில் இருப்பது அரிது. மொடலின் பெயரைக் கூகிளில் தட்டினால் கிடைத்துவிடும். இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்ற இரண்டு வகைச் சேமிப்பிடங்களில் யுஎஃப்எஸ்தான் வேகமானது. ஓரிரு வருடம் பாவித்த பின்னர் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

அப்டேட் விடயத்தில் கொம்பனிகளுக்கிடையே இருக்கும் இடைவெளி சிறியதல்ல. சாம்சுங் தனது கலக்ஸி எஸ்24 வரிசைக்கு 7 வருடமும், நடுத்தர விலையிலான ஏ16 க்கு 6 வருடமும் தருவதாக அறிவித்தது. அதே விலையில் இரண்டு மூன்று வருடத்தோடு நின்றுவிடும் போன்களும் உண்டு. வங்கிச் செயலிகளைப் பாவிக்கிறவர்களுக்கு இது கமராவைவிட முக்கியம் என்பது என் கருத்து.

"தண்ணிக்க போட்டாலும் ஒண்டும் நடக்காது" என்று சொல்லி விலை கூடிய மொடலுக்கு இழுப்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களாகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி67, ஐபி68 என்ற தரங்கள் நன்னீரில், ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படுபவை. உப்புநீருக்கு அந்தச் சோதனை பொருந்தாது. சாஜர் செருகும் துவாரத்தில் உப்பு படிந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கும். நீரால் வந்த சேதத்தைப் பொதுவாகக் கொம்பனி உத்தரவாதமும் ஏற்பதில்லை. வள்ளத்தில் போகிறவருக்கு ஐபி தரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட, வெயிலில் தெளிவாகத் தெரியும் பிரகாசமான திரையும் நீர் புகாத ஒரு பையும் உதவும். வாங்குமுன் காட்சிக்கு வைத்த போனை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்; கடையின் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

"5ஜி எடுங்க, பிறகு கவலைப்படுவீங்க" என்றால், உங்கள் ஊரில் அந்தச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். "இந்த விலை இண்டைக்கு மட்டும்தான்" என்றால் விலையைத் திகதியோடு எழுதிக் கேளுங்கள். "நானும் இதைத்தான் பாவிக்கிறன்" என்றால், சிரித்துக்கொண்டே, அவருடைய போனைக் காட்டச் சொல்லலாம்.

திருப்புகிறவர் எல்லோரும் ஏமாற்றுகிறவர் அல்லர். நீங்கள் கேட்டதைவிட விலை குறைந்ததைக் காட்டி, "உங்கட பாவனைக்கு இது காணும் ஐயா" என்று சொல்கிறவர், தன் இலாபத்துக்கு எதிராகப் பேசுகிறார். அவரிடம் கொஞ்சம் காது கொடுங்கள். கேட்ட மொடலையும் தான் சிபாரிசு செய்யும் மொடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் குறைகளையும் சொல்கிறவரும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: விலை குறைவு என்றால் ஏன் குறைவு?

ஒரே மொடல் ஒரு கடையில் இருபது வீதம் மலிவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் உத்தரவாதத்தில் இருக்கும். 2024 சனவரி முதல் கைபேசிகளுக்கும் 18 வீதப் பெறுமதி சேர் வரி சேர்ந்தது. உத்தியோகபூர்வ இறக்குமதியாளரூடாக வரும் போனில் அந்த வரியும் ஏனைய செலவுகளும் அடங்கும். பயணப் பெட்டிகளில் வந்து சேரும் போனில் அடங்காது. அதற்குக் கொம்பனி உத்தரவாதமும் இருக்காது, கடை உத்தரவாதம் என்ற ஒன்றுதான் இருக்கும். கடை உத்தரவாதம் அந்தக் கடையின் ஆயுளும் நாணயமும் இருக்கும் வரைக்கும்தான். கொம்பனி உத்தரவாதம் உள்ளதைக் கேட்டு வந்தவரை இந்தப் பக்கம் திருப்புவதில் கடைக்கு இலாபம் கூட என்பதால், "ரெண்டும் ஒண்டுதான்" என்ற பேச்சைக் கேட்க நேரும். இரண்டும் ஒன்றல்ல.

போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஐ.எம்.இ.ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பெட்டியில் உள்ள 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். பணம் கொடுக்குமுன், மேசையில் வைத்தே இதைச் செய்யுங்கள். வேண்டாம் என்று தடுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆறாம் படி: பெட்டியைத் திறக்கும்போது

பெட்டியின் முத்திரை உங்கள் கண் முன்னால் உடைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே திறந்திருந்தால் காரணம் கேளுங்கள். காட்சிக்கு வைத்ததையோ திருப்பிக் கொடுக்கப்பட்டதையோ புதியதென்று தருவது உண்டு. போனை இயக்கி *#06# என்று தட்டினால் ஐ.எம்.இ.ஐ திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். அவை பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பின்னர் அமைப்புகளுக்குள் சென்று மொடல் பெயரையும் ரேமையும் சேமிப்பிடத்தையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பும் எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: பற்றுச்சீட்டும் கொடுப்பனவும்

"மொபைல் போன் 1" என்று எழுதிய துண்டு பற்றுச்சீட்டு ஆகாது. கடையின் பெயரும் முகவரியும், திகதி, மொடலின் முழுப்பெயர், ரேமும் சேமிப்பிடமும், ஐ.எம்.இ.ஐ எண், உத்தரவாதம் யாருடையது, எத்தனை மாதம், கொடுத்த தொகை ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் சட்டக் கடமை. விற்பனையாளர் வாயால் சொன்ன விசேட வாக்குறுதி ஏதும் இருந்தால், ஒரு மாதத்துக்குள் பழுது வந்தால் புதிய போன் தருவோம் என்பது போல, அதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வாக்குறுதி இல்லை என்று கணக்கிடுங்கள்.

கடனட்டையில் கொடுத்தால் இரண்டரை மூன்று வீதம் கூடும் என்று சொல்லும் கடைகள் பல. அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பதே மத்திய வங்கியின் நிலைப்பாடு. பேசிப் பாருங்கள், ஆனால் காசு விலை, அட்டை விலை என்று இரண்டு விலையாகவே சொல்லிவிடும் கடையில் இந்த வாதம் அவ்வளவாக எடுபடுவதில்லை. தவணை முறையில் வாங்குகிறவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், முழுத் தொகையையும் ஏற்பாட்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். விலை கூடிய மொடலுக்குத் திருப்புவதற்கு "மாசம் ரெண்டாயிரம்தானே வித்தியாசம்" என்ற பேச்சு நன்றாகப் பயன்படுகிறது; 24 மாதத் தவணையில் அது 48,000 ரூபாய்.

எட்டாம் படி: ஏமாற்றப்பட்டால்

முதலில் பற்றுச்சீட்டோடு கடை உரிமையாளரிடம் போங்கள், விற்றவரிடம் அல்ல. பெயர் கெடுவதை விரும்பாத உரிமையாளர்கள் இந்தச் சின்ன நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அங்கே தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்டு, எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தவறான எண்ணத்தை ஏற்படுத்தி விற்பதும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் மேற்சொன்ன சட்டத்தின் கீழ் குற்றங்கள். உத்தரவாதத்தை மீறியது பற்றிய முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், "அடுத்த கிழமை வாங்க" என்று கடை சொல்லச் சொல்ல நாளைக் கடத்திவிடாதீர்கள்.

பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, பெட்டியில் ஐ.எம்.இ.ஐ ஒட்டிய பக்கத்தின் படம், கடை போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைக் கடிதத்தோடு இணையுங்கள். விளம்பரத்தைக் கடைக்குப் போகுமுன்னரே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிரச்சினை கிளம்பிய அன்றே அது நீக்கப்பட்டுவிடலாம். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.